ஐந்தாவது சில்லு

டர்போவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும், வெளியே ஒரு பழைய டீசல் கார் ஏற்றத்தில் ஏறும்போது போடுகிற விசில் காதில் விழுந்தால் கை அப்படியே இலையில் நின்றுவிடும். "அந்த வண்டிக்கு ஷாஃப்ட்ல ஆட்டம் வந்துருச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் விடுவேன். பக்கத்தில் இருப்பது மாப்பிள்ளையின் தாய்மாமனா, ஊர்ப் பெரிய மனிதரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. இதற்குப் பயந்தே என் வீட்டுக்காரர் விசேஷ வீடுகளில் என்னைவிட்டு இரண்டு ஆள் தள்ளி உட்காருவார்.

எங்கள் பட்டறை பல்லடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தகரக் கொட்டகைதான். நான்கு வண்டி நிற்கும், நெருக்கிப் போட்டால் ஐந்து. பக்கத்துக் காம்பவுண்டில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் தனியார் பஸ்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு பறக்கும். இத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஓர் எஞ்சினின் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகியிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் எஞ்சின் வேலை தெரிந்து வந்தார். நான் ஒன்றும் தெரியாமல் வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றேன். பதினோரு வருஷம் நின்றேன். டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளைப் பனியனை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பிறகு அவர் சொந்தமாகப் பட்டறை போட்டதும் பில் எழுத, போன் எடுக்க வந்து உட்கார்ந்தேன். ஒரு நாள் வெளியில் ரிப்பேர் செய்து வந்த டர்போ ஒன்று என் மேஜைமேல் கிடந்தது. சும்மா கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தின் ஓர் இதழின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். இரண்டு ஆண்கள் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்லி அனுப்பிய சாமான் அது. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது.

டர்போ என்பது பார்க்க ஒரு பெரிய நத்தை மாதிரி இருக்கும். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை அதன் ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற அலுமினியச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி, குழாய் வழியாக இன்டர்கூலருக்கு அனுப்பும். அங்கே ஆறிய காற்று இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்குள் போகும். வண்டிக்கு இழுவை அப்படித்தான் வருகிறது. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் ஓடக்கூடியது. அந்த வேகத்தில் ஒரு மணல் அளவு சாமான் உள்ளே போனாலும் கதை முடிந்தது.

பழைய வண்டிகளுக்கு அசல் டர்போ இப்போது கிடைப்பதில்லை. அதே குடும்பத்து எஞ்சின் உள்ள வேறொரு வண்டியின் டர்போவைப் பார்த்து எடுத்து, வாய் திரும்பியிருக்கிற கோணத்தை மாற்றி, காற்றுக் குழாயைப் புதிதாக வளைத்து, ஆயில் இறங்குகிற பைப் தடையில்லாமல் கீழ்நோக்கிப் போகும்படி வழி செய்து மாட்ட வேண்டும். சாயப்பட்டறைகளுக்கு நீராவிக் குழாய் அமைத்துக் கொடுக்கிற ஃபிட்டர்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பதால் குழாய் வளைப்பது எங்களுக்குக் கவலையில்லை. எந்த டர்போ எந்த வண்டிக்கு ஒத்துப் போகும் என்பதை நான்தான் தேடிக் கண்டுபிடிப்பேன். நான்கைந்து ஜோடி இப்போது எனக்கு மனப்பாடம். கேட்டால் சொல்ல மாட்டேன்.

இது அவ்வளவும் நிலைப்பதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அவிநாசிபாளையம் பக்கம் தோட்டமும், கூடவே ஒரு பனியன் யூனிட்டும் வைத்திருக்கிற ஒருவருடைய கார் கட்டி இழுத்து வரப்பட்டது. இருபது வயது ஆன டர்போ டீசல். யூனிட் ஆரம்பித்த புதிதில் வாங்கிய முதல் கார். வீட்டில் வேறு புதுக் கார்கள் நின்றாலும் இதை அவர் விடவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் யாரோ எப்போதோ விட்டுப்போன ஒரு குட்டி போல்ட்டை டர்போ இழுத்துவிட்டது. சக்கரத்தின் இதழ்கள் உடைந்து, வண்டி பாதி வழியில் இழுவையில்லாமல் நின்றிருக்கிறது.

"டர்போ வேலை பூராவும் இவங்கதாம்ணா" என்று என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "அப்படிங்களா. ரொம்பச் சந்தோசமுங்க அம்மிணி" என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "தம்பி, நீங்களும் ஒருக்காப் பாத்துக்குங்க" என்றார். நம்பிக்கையில்லை என்பதைக்கூட இந்த ஊரில் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஆனால் என்ன செய்ய? எங்களிடம் வருகிற பழைய வண்டிகளில் பாதி அவருடைய சொந்தபந்தங்களின் வண்டிகள். இந்தக் கார் சரியாக ஓடினால் அந்தக் கூட்டம் முழுக்க என் கையை நம்பும். ஏதாவது ஆகிவிட்டால் 'பொம்பள பாத்த வண்டி' என்று ஒரே வார்த்தையில் முடித்து எல்லோரும் கோயமுத்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் பழையபடி பில் புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார வேண்டியதுதான்.

போதாததற்கு நாள் வேறு குறித்துவிட்டார். அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். "அப்பா, நீங்க இந்த வண்டியிலதான் போகோணும்னு பாப்பா ஒத்தக் கால்ல நிக்குதுங்க" என்றார். நான்காம் நாள் காலையில் புறப்பாடு. கையில் மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் டர்போவைக் கழற்றினேன். குழாய்களைக் கழற்றியபடி, திறந்து நிற்கிற ஒவ்வொரு வாயையும் துணி வைத்து அடைத்தேன். தூசி, திருகு, எதுவும் உள்ளே விழாமல் இருக்க எல்லா ஊரிலும் மெக்கானிக்குகள் எதையாவது வைத்து அடைப்பார்கள். எங்கள் ஊரில் அது பனியன் வேஸ்ட்தான். கட்டிங் மேஜையில் மிஞ்சுகிற துணித் துண்டுகள் இங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கை துடைக்க, டூல்ஸ் துடைக்க, வாய் அடைக்க, டீ கிளாஸ் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். தண்ணீரைப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள்கூட இந்த ஊரில் துணியை எண்ணிச் செலவு செய்ய மாட்டார்கள்.

இரண்டாம் நாள் பொருத்தமான டர்போ கிடைத்தது. மூன்றாம் நாள் காலையில் குழாய் வளைந்து வந்தது. எல்லாத் துணியையும் உருவிப் போட்டுவிட்டு மாட்டி முடித்தேன். இன்டர்கூலரை என் வீட்டுக்காரர் கழற்றி, டீசல் விட்டுக் கழுவி, ஊதி, முன்பே மாட்டியிருந்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிக்காரரும் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பட்டறைக்கு அந்த உடையில் வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும்.

சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. என் வீட்டுக்காரர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் மேஜையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பழைய டர்போவையும், முதல் நாள் அதற்குள்ளிருந்தும் குழாயிலிருந்தும் பொறுக்கிய அலுமினியச் சில்லுகள் கிடந்த எவர்சில்வர் கிண்ணத்தையும் ஓரமாக வைக்கப் போனேன். என்னமோ கை நின்றது. சில்லுகளை மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து உடைந்த சக்கரத்தில் பொருத்திப் பார்த்தேன்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அங்கே வேலை அப்படியே நிற்கும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் முழு ஊசி மாதிரி வரிசையாக வைத்து ஒட்டிக் காட்ட வேண்டும். முனை ஒன்று குறைந்தாலும் புது ஊசி கிடைக்காது. அந்தப் பக்கம் இருந்த பீஸ் அத்தனையும் தனியாகப் போய்விடும். எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போட்டுக்கொள்கிற சட்டையில் அந்த முனை இருந்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை பாடு. நான் கடுகளவு முனைக்காகத் தரையில் மண்டியிட்டுத் தேடியவள்.

உடைந்திருந்த இதழ்கள் ஐந்து. சில்லுகள் நான்கு.

"ஏங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தறிச் சத்தமே ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து இறங்கவில்லை. "ஏளா, அது எஞ்சினுக்குள்ள போயி வெளிய போயிருக்கும். இன்டர்கூலர நான்தான கழுவுனேன்" என்றார்.

"எஞ்சினுக்குள்ள போயிருந்தா சும்மாவா போகும்? நீங்கதான கம்ப்ரஷன் நல்லாருக்குன்னு சொன்னிய? அப்ப அது உள்ள போகல. வழியிலதான் எங்கயோ கெடக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணுனா உள்ள போயிரும்" என்றேன். கோபம் வந்தால் என் பேச்சு தூத்துக்குடிக்குத் திரும்பிவிடும்.

வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, பொழுதோட வண்டி ஊட்டுக்கு வந்தாகோணுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் வேற வழி பாத்துக்கறனுங்க" என்றார். குரலில் மரியாதை குறையவே இல்லை.

"ரெண்டு மணி நேரம் குடுங்கண்ணா" என்றேன்.

இன்டர்கூலரை மறுபடி கழற்றினோம். குலுக்கினோம், கவிழ்த்தோம், கழுவினோம். ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரரின் கோபம் ஸ்பேனரை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது. மிச்சம் இருந்தது இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு ஏறுகிற குழாய் ஒன்றுதான். நடுவில் ஒரு வளைவு, கண்ணுக்கு உள்ளே தெரியாது. அலுமினியத்துக்குக் காந்தமும் பிடிக்காது. சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை நுனியில் கொக்கியாக வளைத்து, பம்பருக்குக் கீழே படுத்துக்கொண்டு உள்ளே விட்டேன். என்னவோ மெத்தென்று இடித்தது.

இழுத்தேன். வந்தது ஒரு துணி.

வெள்ளைப் பனியன் வேஸ்ட், ஓரத்தில் எண்ணெய் ஊறிப் பழுப்பாகியிருந்தது. ஒரு கணம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. முதல் நாள் அந்தக் குழாயின் வாயை அடைத்தது நான். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது அந்த வாய் மட்டும் திறந்திருக்கிற மாதிரித் தெரிந்தது. மறந்துவிட்டேன் போல என்று நினைத்து இன்னொரு துணியைத் திணித்தேன். உண்மையில் முதல் துணி உள்ளே நழுவியிருந்தது. இரண்டாவதைத் திணித்ததில் அது வளைவுக்கே போய்விட்டது. மாட்டும்போது மேலே இருந்ததை மட்டும் உருவினேன். ஒரு வாய்க்கு ஒரு துணிதான் என்று நினைத்துக்கொண்டு.

வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தால் அந்தத் துணியை எஞ்சின் இழுத்திருக்கும்.

அடுத்த தடவை கம்பியை விட்டபோது ஐந்தாவது சில்லும் வந்தது. சுண்டு விரல் நகத்தில் பாதி இருக்கும். துணிக்குப் பின்னால் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

நான் காருக்கு அடியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் இன்டர்கூலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். துணியை யாரும் பார்க்கவில்லை. பட்டறையில் அந்த மாதிரித் துணி நூறு கிடக்கிறது, நூற்றியொன்றாகச் சுருட்டிப் போட்டால் போச்சு. சில்லை மட்டும் நீட்டிக் காட்டினால் நான் ராணி. உடைந்த சக்கரத்தைப் பார்த்தே எஞ்சினைக் காப்பாற்றியவள். படுத்தபடியே யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தேன். துணியைப் பாதி சுருட்டியும் விட்டேன். ஆனால் செக்கிங்கில் இருந்தபோது அடுத்தவர் தையலில் குற்றம் கண்டுபிடித்து எத்தனை பீஸைத் தூக்கி எறிந்திருப்பேன், எத்தனை பெண்களை அழ வைத்திருப்பேன்! என் சொந்தப் பீஸ் என்றதும் கை மடக்கிக்கொள்வதா என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. வெளியே ஊர்ந்து வந்து எழுந்தேன்.

"அண்ணா, இங்க வாங்க" என்றேன். இரண்டு கையையும் நீட்டினேன். "இது தேடுன சில்லு. டர்போவுல இருந்து ஒடைஞ்சது. இது துணி. இது நான் வச்சு மறந்தது. இவருக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க அவசரப்படுத்துனப்ப நான் சரின்னு சொல்லியிருந்தா, என் கையாலயே உங்க எஞ்சின் போயிருக்கும்."

என் வீட்டுக்காரரின் முகம் வெளிறியது. வண்டிக்காரர் சில்லைப் பார்க்கவேயில்லை. துணியை எடுத்தார். வெள்ளைச் சட்டைக்காரர் எண்ணெய்த் துணியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சிங்கிள் ஜெர்சிங்க" என்று துணியின் ரகத்தைச் சொன்னார். "நம்ம யூனிட்டுத் துணியாட்டத்தான் இருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"வேற எங்கியாச்சும் இன்னொண்ணு இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

"இருக்காதுன்னு இப்ப நான் சொல்ல மாட்டேன். எல்லாக் குழாயையும் திரும்பக் கழட்டிப் பாத்துட்டுத்தான் சாவி போடுவேன். சாயங்காலம் ஆயிரும்."

"பாருங்க" என்றார். போனை எடுத்து வீட்டுக்கு ஏதோ சொன்னார். பிறகு காலி ஆயில் டிரம் ஒன்றை இழுத்துப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கழற்றிய ஒவ்வொரு குழாயையும் நான் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவரும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் காத்திருக்கிறாரா, காவல் இருக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

எல்லாம் மாட்டி, டர்போவுக்கு ஆயில் ஊற்றி, டீசல் போகாமல் முதலில் சும்மா சுற்றவிட்டு, ஆயில் வந்ததைப் பார்த்த பிறகு என் வீட்டுக்காரர் சீட்டில் ஏறப் போனார். "இருங்க தம்பி" என்று தடுத்து, அவரிடமிருந்து சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார் வண்டிக்காரர். நான் ஸ்டார்ட் செய்தேன். மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அமுக்கினேன். கீச்சென்றோ கரகரவென்றோ இல்லாமல், சுத்தமான ஒற்றை விசில் எழும்பி அடங்கியது. என் வாழ்க்கையில் நான் கேட்ட அழகான சத்தங்களில் அது ஒன்று. வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், "வரனுங்க" என்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அந்த வண்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் திரும்பியது என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு பத்து நாள் அந்தச் சொந்தத்திலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. துணியைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அழுதும்விட்டேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. என் வீட்டுக்காரர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தெரியாத குரல், தாராபுரம் பக்கத்திலிருந்து.

"ஏனுங்க, டர்போ வேலைங்க. அங்க துணிய உள்ள வெச்சு மறந்துபோட்ட அம்மிணி ஒருத்தரு இருக்கறாங்களாமா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சொல்லிவிட்டார்! ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்! என் தப்பை அவிநாசிபாளையத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் பரப்பிவிட்டார்! என் வீட்டுக்காரர் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கினேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்தக் குரலே தொடர்ந்தது. "எங்க மாமன் சொல்லியுட்டாருங்க. அந்த அம்மிணிகிட்ட மட்டும் வண்டியக் குடு, வேற ஆரையும் தொட உடாதேன்னு. அவங்க இருக்கறாங்களுங்களா?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நாந்தாங்க அது" என்றேன். "வண்டியக் கொண்டாங்க."